வாடகையை மட்டும் ஏன் கேட்பதில்லை?

மேட்டுப்பாளையத்திலிருந்து நெரிசலில் ஊர்ந்து, கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தியெடுத்த பிள்ளையைத் தோளில் சாய்த்தபடி, இருட்டிய பிறகு ஊட்டி விடுதிக்கு வந்து சேரும் குடும்பத்துக்குப் பேரம் பேசும் தெம்பு இருக்காது. முன்பணம் கட்டியாயிற்று. பக்கத்து விடுதிகளிலும் அறை இல்லை. கதவைத் திறந்தால் கம்பளியில் ஈர வாடை, சுவர் மூலையில் பூஞ்சை. வெந்நீர் காலையில் இரண்டு மணி நேரம்தான். பள்ளத்தாக்கு தெரியும் என்று படம் போட்ட சன்னலுக்கு எதிரே அடுத்த கட்டடத்தின் தண்ணீர்த் தொட்டி. கூடுதல் மெத்தைக்குத் தனிக் காசு, ஹீட்டருக்குத் தனிக் காசு. மழைக்காலத்தில் கூப்பிட்டுக் கொடுக்கும் அறைக்கு மே மாதத்தில் பல மடங்கு வாடகை. ஏன் என்று கேட்டால், “சீசன் சார்” என்று ஒரே பதில்.

சீசனில் வாடகை கூடுவதே தவறு என்று நாம் சொல்லவில்லை. மலையில் வியாபாரம் நடப்பது சில மாதங்கள். சம்பளமும் வங்கித் தவணையும் பன்னிரண்டு மாதமும் உண்டு. இணைய முன்பதிவு நிறுவனங்களுக்குக் கமிஷனும் கொடுக்க வேண்டும். விடுதிக்காரர்கள் சொல்லும் இந்தக் கணக்கில் நியாயம் இருக்கிறது. ஆனால் எவ்வளவு கூட்டலாம், எதைக் கொடுத்துவிட்டுக் கூட்டலாம் என்று கேட்க ஆளே இல்லாததுதான் பிரச்சினை.

இங்கே அரசின் முரண்பாட்டைப் பாருங்கள். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் கட்டாயமாயிற்று. வண்டி விவரம், எத்தனை பேர், இரவு தங்குவீர்களா, எங்கே தங்குவீர்கள் என்று பயணியிடம் எல்லாம் கேட்கிறார்கள். 2025 கோடையில் ஊட்டிக்கு வார நாட்களில் 6,000 வண்டிகள், வார இறுதியில் 8,000 என்று நீதிமன்றம் வரம்பே விதித்தது. மலையைக் காப்பாற்ற இது தேவைதான். ஆனால் பயணியிடம் இத்தனை கேட்கும் நிர்வாகம், அவர் தங்கும் விடுதியிடம் இன்று அறைக்கு என்ன வாடகை என்று கேட்பதில்லை.

கேட்பது புதிய வழக்கமும் அல்ல. 1867-இல் பிரிட்டிஷ் அரசு கொண்டுவந்த சராய் சட்டம், வழிப்போக்கர் தங்கும் விடுதிகளின் அறைகளையும் கிணற்றையும் சுத்தமாக வைக்கச் சொன்னது. மாஜிஸ்திரேட் சொல்லும் இடத்தில், சொல்லும் மொழியில் கட்டணப் பட்டியலை மாட்டவும் சொன்னது. ரயில் பாதை ஊட்டியை எட்டுவதற்கு முன்பே வந்த சட்டம் அது! நம் காலத்தில் தமிழ்நாட்டில் சினிமா டிக்கெட்டுக்கு அரசு உச்சவரம்பு வைத்திருக்கிறது. மூன்று மணி நேரப் படத்துக்கு உள்ள பாதுகாப்பு, குழந்தைகளோடு தங்கும் இரவுக்கு இல்லை.

நட்சத்திரத் தகுதியை நம்பியும் பயனில்லை. மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் குழு வழங்கும் அந்தத் தகுதி, விரும்பி விண்ணப்பிக்கும் ஓட்டல்களுக்கு மட்டும்தான். நடுத்தரக் குடும்பங்கள் தங்கும் லாட்ஜும் காட்டேஜும் பெரும்பாலும் அந்தப் பக்கமே போவதில்லை.

வரி விஷயம் இன்னும் விசித்திரம். 1,000 ரூபாய்க்கு உட்பட்ட அறைகளுக்கு இருந்த விலக்கு 2022 ஜூலையில் நீங்கி 12 சதவீத ஜிஎஸ்டி வந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் 7,500 ரூபாய் வரையிலான அறைகளுக்கு 5 சதவீதமாகக் குறைந்தது. விடுதிகள் தாங்கள் வாங்குபவற்றுக்குக் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளும் உள்ளீட்டு வரிச் சலுகையையும் கூடவே எடுத்துவிட்டார்கள். குறைந்த வரி பயணியின் கைக்கு வந்ததா? பிஸ்கட் பாக்கெட்டில் விலை அச்சடித்திருக்கிறது, ஒப்பிட்டுப் பார்க்கலாம். மணிக்கு மணி மாறும் அறை வாடகையில் எதை எதோடு ஒப்பிடுவது?

நுகர்வோர் சட்டம் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஊட்டியில் ஏமாந்தவர் சொந்த மாவட்ட ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணமும் கிடையாது. 1915 என்ற உதவி எண்ணும் உண்டு. ஆனால் இரண்டு இரவு வாடகைக்காக மாதக்கணக்கில் வாய்தாவுக்கு அலைய யாருக்கு நேரம்? புகார் கொடுக்க வராதவர்களை நம்பித்தான் இந்த வியாபாரம் ஓடுகிறது.

எனவே ஒவ்வொரு விடுதியும் சீசனுக்கான அதிகபட்ச வாடகையை மார்ச் மாதத்துக்குள் மாவட்ட நிர்வாகத்திடம் பதிவு செய்ய வேண்டும். அதற்குள் ஏற்றி இறக்குவது அவரவர் விருப்பம், தாண்டினால் அபராதம். அறை விளம்பரத்தில் காட்டியபடி இல்லாவிட்டால், தங்காமல் திரும்புகிறவருக்கு முன்பணம் முழுதும் அன்றே கிடைக்க வேண்டும். தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகம் ஊட்டியிலும் கொடைக்கானலிலும் நடத்தும் ‘ஓட்டல் தமிழ்நாடு’ விடுதிகளை அரசு பளிச்சென்று பராமரித்தால், தனியார் வாடகைக்கு அதுவே நல்ல கடிவாளம். பதிவான வாடகைப் பட்டியலை இ-பாஸ் எடுக்கும் அதே பக்கத்தில் வெளியிடப் பெரிய செலவு ஆகாது. நீலகிரி, திண்டுக்கல் ஆட்சியர்கள் அடுத்த சீசனுக்கு முன்பே இதைத் தொடங்கலாம்.