லொறியும் உத்தரவாதமும்

புது லொறி வாங்கும்போது, எஞ்சினுக்கு மேலதிக உத்தரவாதமும் எடுக்கலாமா என அன்பரொருவர் வினவுகின்றார். முதலில் கணக்குப் பார்த்தல் வேண்டும். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்பு ஏறக்குறைய 400 கிலோமீற்றர். வாரம் இருமுறை போய்வரும் லொறி ஓராண்டில் 80,000 கிலோமீற்றருக்கு மேல் ஓடிவிடும். பத்திரத்தில் ‘3 ஆண்டு அல்லது 100,000 கிலோமீற்றர், எது முந்துகிறதோ அது’ என்றிருப்பின், 15 மாதத்துக்குள் உத்தரவாதம் முடிந்துவிடும். 3 ஆண்டு என்பது வெறும் எழுத்தே! ஊருக்குள் மட்டும் ஓடும் லொறிக்குக் கதை வேறு.

எஞ்சின் என்ற சொல்லில் டர்போவும் இன்ஜெக்டரும் அடங்குமா என்றும் கேளுங்கள். அவற்றின் செலவும் சிறிதன்று. உரிய காலத்தில் ஒயில் மாற்றிய பற்றுச்சீட்டு இல்லையெனில் கோரிக்கையைத் தள்ளிவிடவும் கூடும். பல லொறிகள் உடையவர் அப்பணத்தைத் திருத்தவேலைக்கென வங்கியிலிட்டு வைக்கலாம். கடன்பட்டு வாங்கிய ஒரே லொறியை நம்பிய குடும்பமோ, நிபந்தனைகள் ஒத்துவரின், எடுப்பதே தகும். எஞ்சின் நின்றாலும் தவணை நிற்பதில்லையே.