சொல் அறிவோம்: 'டிலிபரற்' நல்லதா, கெட்டதா?



போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இல்-பிசாரில் எங்கள் வீட்டுக் குசினி மேசையைச் சுற்றி மூன்று பேர் இருந்தோம். நான், என் மனைவி, அகதி விசாரணைக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்த ஒரு சகோதரி. மாலை வகுப்புக்குப் போய் ஓரளவு ஆங்கிலம் பழகியவர் அவர். "மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை அண்ணை, நான் இங்கிலீசிலேயே சொல்லுவன்" என்று உறுதியாக நின்றார். சரி, பார்ப்போமே என்று, விசாரணையில் வரக்கூடிய கேள்விகளை ஆங்கிலத்தில் ஒவ்வொன்றாகக் கேட்டேன்.

"உங்கள் படிவத்தில், கொழும்பில் உறவினர் வீட்டில் தங்கிய ஒரு மாதத்தைக் காணவில்லை. அது டிலிபரற் ஆக விடப்பட்டதா?"

"யெஸ்" என்றார், கொஞ்சமும் தயங்காமல்.

எனக்குத் திக்கென்றது. "ஏன் தங்கச்சி, ஓம் எண்டு சொன்னனீங்கள்?"

"டிலிபரற் எண்டால் நல்லா யோசிச்சுச் செய்யிறது எண்டு வகுப்பிலை ரீச்சர் சொல்லித் தந்தவ. நான் அந்தப் படிவத்தை ரெண்டு கிழமை யோசிச்சு யோசிச்சுத்தானே அண்ணை நிரப்பினனான்."

ரீச்சர் சொன்னது பிழையில்லை. சகோதரி சொன்னதும் பொய்யில்லை. அந்த மாதம் அவருக்கு உண்மையிலேயே மறந்துபோய்விட்டது, அவ்வளவுதான். ஆனால் விசாரணை மண்டபத்தில் அதே 'யெஸ்' வந்திருந்தால், 'ஓம், வேண்டுமென்றேதான் மறைத்தேன்' என்று பதிவாகியிருக்கும். ஆகவே இம்முறை இந்த ஒரு சொல்லையே எடுத்துக்கொள்வோம்.

முதலில் உச்சரிப்பு. டீ-ஈ-எல்-ஐ-பீ-ஈ-ஆர்-ஏ-ரீ-ஈ என்ற அதே எழுத்துகளுக்கு இரண்டு ஓசை உண்டு. பெயரடையாக வரும்போது 'டிலிபரற்' என்று கடைசியைச் சுருக்கிச் சொல்ல வேண்டும். 'கலந்து ஆலோசித்தல்' என்ற வினையாக வரும்போது 'டிலிபரேற்' என்று நீட்ட வேண்டும். தீர்ப்புக்கு முன் யூரிமார் தனி அறையில் கூடிப் பேசுவது இந்த இரண்டாவது.

சொல்லின் வேர் இலத்தீன் மொழியில் இருக்கிறது. 'லிப்ரா' என்றால் தராசு. கடைகளில் இறாத்தலைக் குறிக்க 'எல்-பீ' என்று போடுகிறார்களே, அதுவும் 'லிப்ரா'வின் சுருக்கந்தான். பிரெஞ்சில் இறாத்தலுக்கு 'லீவ்ர்' என்று சொல்வதும் அதன் வழி வந்ததே. எனவே 'டிலிபரற்' என்பதன் அடிப்பொருள் தராசில் இட்டு நிறுத்துப் பார்த்தது என்பதாகும். நாமும் 'சீர்தூக்கிப் பார்த்தல்' என்கிறோம். நடுவுநிலைமைக்கு வள்ளுவர் காட்டிய உவமையும் தராசுக் கோல்தான். எண்ணிப் பார்த்துச் செய்வதற்கென்றே 'தெரிந்து செயல்வகை' என்று தனி அதிகாரமும் வைத்தார்.

அப்படியானால் கெட்ட பொருள் எங்கிருந்து வந்தது? நிறுத்துப் பார்த்துச் செய்தவன் தெரியாமல் செய்தேன் என்று சொல்ல முடியாது. நல்ல காரியத்தை நிறுத்துச் செய்தால் அது நிதானம். கெட்ட காரியத்தை நிறுத்துச் செய்தால் அது வேண்டுமென்று செய்தது. தராசு ஒன்றுதான், தட்டில் இருக்கும் பொருள்தான் வேறு.

ஆகவே பக்கத்தில் நிற்கும் சொல்லைப் பாருங்கள். நடை, பேச்சு, ஆள் என்பவற்றுடன் வந்தால் நிதானமான, அவசரப்படாத என்று பொருள். தெரிவு, முடிவு என்பவற்றுடன் வந்தால் யோசித்து எடுத்த என்று பொருள். பொய், தவறு, தாக்குதல், மறைப்பு என்பவற்றுடன் வந்தால் வேண்டுமென்றே செய்த என்றுதான் பொருள். கடைசியில் 'லி' சேர்ந்து 'டிலிபரற்லி' என்று வந்தால் பெரும்பாலும் 'வேண்டுமென்றே' என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்த நாட்டுச் சட்டத்திலும் இந்தச் சொல்லுக்குப் பெரிய இடம் உண்டு. திட்டமிட்டதும் 'டிலிபரற்' ஆனதுமான கொலை முதல்தரக் கொலை என்று கனடியக் குற்றவியல் சட்டக்கோவையின் 231ஆம் பிரிவு சொல்கிறது. முதல்தரம் என்றால் ஆயுள் தண்டனை, 25 வருடங்களுக்குப் பரோல் கேட்க முடியாது. 1976 இல் மரண தண்டனை நீக்கப்படும் முன்னர், இத்தகைய கொலைக்குத் தூக்கு விதிக்கப்பட்ட காலம் ஒன்று இருந்தது. அந்தக் காலத்தில், 1963 இல், இந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்ற கேள்வி கனடிய உச்ச நீதிமன்றத்துக்கே போனது. இங்கே வெறுமனே 'வேண்டுமென்று' என்று பொருள்கொண்டால் போதாது. திடீர் வேகத்தில் அல்லாமல் யோசித்துப் பார்த்துச் செய்ததாக இருக்கவேண்டும் என்று நீதிமன்றம் விளக்கியது. ஒரு பெயரடையின் பொருளில் ஒரு மனிதனின் கழுத்து தொங்கிய காலம் அது.

அமெரிக்காவிலும் ஒரு கதை உண்டு. பாடசாலைகளில் கறுப்பினப் பிள்ளைகளைப் பிரித்து வைப்பது சட்டவிரோதம் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1954 இல் தீர்ப்பளித்தது. எவ்வளவு விரைவில் மாற்றவேண்டும் என்ற கேள்விக்கு 1955 இல் 'டிலிபரற் வேகத்தில்' என்று சொல்லிவைத்தது. யோசித்து, ஆனால் செய்யுங்கள் என்பது கருத்து. தென் மாநிலங்கள் பல 'யோசித்து' என்பதைப் பிடித்துக்கொண்டு 'வேகத்தை' விட்டுவிட்டன. 1969 இல் நீதிமன்றம் அந்தப் பேச்சை முடித்து, உடனே செய்யுங்கள் என்று உத்தரவிட வேண்டி வந்தது. யோசனை என்ற பெயரில் வேண்டுமென்றே இழுத்தடிக்கவும் முடியும் என்பதற்கு இது சாட்சி.

கியூபெக்கில் இருக்கும் எங்களுக்குப் பிரெஞ்சும் வேண்டும். பிரெஞ்சில் 'டெலிபேரே' என்றால் வேண்டுமென்றே என்ற பக்கமே அதிகம் சாயும். ஒருவர் நிதானமாக யோசிப்பவர் என்று புகழ, 'ரெஃப்ளேஷி' என்ற சொல்லே பொருத்தம். ஆனால் இங்குள்ள நீதிமன்றத்தில் வழக்கு 'ஓன் டெலிபேரே' எடுக்கப்பட்டது என்று சொன்னால் பயப்பட வேண்டாம். யாரும் உங்களைக் குற்றம் சொல்லவில்லை. நீதிபதி யோசித்துப் பின்னர் தீர்ப்புத் தருவார் என்பதே அதன் அர்த்தம்.

ஆங்கிலத்தில் ஒருவரைப் புகழும்போது சந்தேகம் வந்தால் 'தோட்ஃபுல்' என்று சொல்லுங்கள், பழுதில்லை. நன்கு யோசித்துச் சொன்ன அபிப்பிராயத்துக்கு 'கொன்சிடேர்ட்' என்பார்கள். அதைக் 'கொன்சிடரெற்' என்பதோடு குழப்பக்கூடாது. அது மற்றவர் மனம் நோகாமல் நடப்பவரைக் குறிக்கும்.

இனி அந்தச் சகோதரியின் விடயத்துக்கு வருவோம். அகதிக் கோரிக்கையாளரின் பேச்சை நம்புவதா இல்லையா என்று முடிவெடுக்கும் முன் அவரை நேரில் இருத்திக் கேட்கவேண்டும் என்பது 1985 ஏப்ரல் 4 இல் 'சிங்' வழக்கில் கனடிய உச்ச நீதிமன்றம் பெற்றுத்தந்த உரிமை. விசாரணையின் மொழி விளங்காதவருக்கு மொழிபெயர்ப்பாளர் உதவி உண்டு என்று உரிமைகள் சாசனத்தின் 14ஆம் பிரிவு சொல்கிறது. இவை இரண்டும் எங்களுக்காக ஆக்கப்பட்டவை. மொழிபெயர்ப்பாளரைக் கேட்பது படிக்காதவர் என்று காட்டிக்கொள்வதாகாது. கடையில் பேசும் ஆங்கிலம் வேறு, கதவுக்கு வெளியே உங்கள் பிள்ளைகளின் எதிர்காலம் காத்திருக்கும்போது பேசும் ஆங்கிலம் வேறு.

இதையெல்லாம் சொன்ன பிறகு சகோதரி கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அப்ப ஒரு கேள்வி விளங்காட்டி, 'திருப்பிக் கேளுங்கோ' எண்டு சொல்லலாமோ? யோசிக்க நேரம் எடுத்தால் பொய் சொல்லுறன் எண்டு நினைக்க மாட்டினமோ?" என்று கேட்டார்.

சொல்லலாம் தங்கச்சி. விளங்காத கேள்விக்கு விரைந்து சொல்லும் 'ஓம்' தான் ஆபத்து. 'கேள்வி விளங்கவில்லை, வேறு விதமாகக் கேளுங்கள்' என்று சொல்வதில் வெட்கமில்லை. ஒரு மூச்செடுத்து, கேள்வியை நிறுத்துப் பார்த்து, உண்மையை மட்டும் சொல்வதுதான் அந்தச் சொல்லின் நல்ல பொருள்.

அன்று பின்னேரம் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று எழுதிய கடிதத்தில் அவர் கையெழுத்து வைத்தார். வைப்பதற்கு முன் அதை இரண்டு தரம் வாசித்தார்.

உங்களைக் குழப்பிய சொல் ஏதும் இருந்தால் எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழில் சந்திப்போம்.