வீட்டைச் சூடாக்க இனி கேஸ் வேண்டாம்: ஏரியாவுக்கு ஒரு திட்டம் போடும் நெதர்லாந்து... செலவு யார் தலையில்?

நெதர்லாந்தில் குளிர்காலம் வந்தால் வீட்டுக்கு வீடு கேஸ் பாய்லர் ஓடும். பெரும்பாலான வீடுகள் இன்றும் குழாய் வழியாக வரும் எரிவாயுவை நம்பித்தான் இருக்கின்றன. 2050-க்குள் அதை முழுசா கைவிடுவது அந்நாட்டின் இலக்கு.

ஏன் இந்த முடிவு?

பருவநிலை மாற்றம் ஒரு காரணம். இன்னொன்று, குரோனிங்கன். 1959-ல் அங்கே மிகப்பெரிய எரிவாயு வயல் கண்டுபிடிக்கப்பட்டது. பல ஆண்டுகள் வாயு எடுத்ததில் நிலம் அமிழ்ந்து, நிலநடுக்கங்கள் வந்தன. 2012-ல் 3.6 அளவில் ஒரு நடுக்கம். வீடுகள் விரிசல் விட்டன. 2024-ல் சட்டம் போட்டு வயலை நிரந்தரமாக மூடினார்கள்.

எல்லா ஏரியாவுக்கும் ஒரே வழி சரிப்படுமா?

சரிப்படாது. அதனால்தான் முடிவு உள்ளாட்சிகளிடம் விடப்பட்டுள்ளது.

* அடுக்குமாடிகள் நெருக்கமாக உள்ள இடம்: குப்பை எரிப்பு ஆலை போன்ற இடங்களில் கிடைக்கும் வெப்பத்தால் சூடான நீரைக் குழாயில் அனுப்பலாம். கொஞ்சம் தூரத்திலேயே நிறைய வீடுகளுக்கு இணைப்பு கிடைக்கும்.
* தள்ளித் தள்ளி இருக்கும் புது வீடுகள்: ஹீட் பம்ப். ஏசி உள்ளே இருக்கும் சூட்டை வெளியே தள்ளும். இது வெளியே இருக்கும் சூட்டை உள்ளே இழுக்கும். 1 யூனிட் மின்சாரத்தில் சுமார் 3 யூனிட் வெப்பம் கிடைக்கும். ஆனா, சுவரும் கூரையும் வெப்பத்தை வெளியே விடக்கூடாது.
* நூற்றாண்டுகள் பழைய நகர மையம்: சுவரைத் தொடுவதும் கஷ்டம், தெருவைத் தோண்டுவதும் கஷ்டம். இங்கே கேஸோடு சேர்ந்து ஓடும் சிறிய ஹீட் பம்ப், சாண எரிவாயு போன்ற வழிகள் பேசப்படுகின்றன.

சிக்கல் எங்கே?

நாட்டுக்கு மொத்தத்தில் எது மலிவு என்பது ஒரு கணக்கு. ஒரு குடும்பத்துக்கு எது மலிவு என்பது வேறு கணக்கு.

குழாய் பதிக்கும் செலவு, எத்தனை வீடு சேர்ந்தாலும் பெரிதாக மாறாது. 100 வீட்டில் 50 வீடு மட்டும் சேர்ந்தால், ஒவ்வொரு வீட்டின் பங்கும் ஏறக்குறைய இரட்டிப்பாகும். சேர்ந்த பிறகு வேறு நிறுவனத்துக்கு மாறவும் முடியாது. மேலும், இந்த வெப்பக் கட்டணத்தின் உச்சவரம்பு கேஸ் விலையோடு இணைக்கப்பட்டிருந்தது. 2022-ல் உக்ரைன் போரால் கேஸ் விலை எகிறியபோது, கேஸே எரிக்காத வீடுகளுக்கான உச்சவரம்பும் கூடவே ஏறியது.

ஹீட் பம்ப்பில் வேறு சிக்கல். கருவி, வெப்பக் காப்பு எல்லாவற்றுக்கும் வீட்டுக்காரர் முதலிலேயே பணம் போடணும். அரசு மானியம் உண்டு, ஆனா முழுச் செலவுக்கும் இல்லை.

அதனால், தங்கள் ஏரியாவுக்குத் திட்டம் வரும்போது மக்கள் முதலில் பார்க்க வேண்டியது கருவியின் பெயரை அல்ல. மாதா மாதம் எவ்வளவு, அந்த விலையை யார் முடிவு செய்வார்கள் என்பதைத்தான்.