கோல்ஃப் மைதானத்தில் 'கேடி'க்கு என்ன வேலை?

டி.வி-யில் கோல்ஃப் பார்த்திருக்கிறீர்களா? ஆட்டக்காரர் கைவீசி நடப்பார். கூடவே ஒருவர், மட்டைகள் நிறைந்த பையைத் தோளில் சுமந்து வருவார். அவருக்குப் பெயர் 'கேடி'. நம்மூரில் யாரையாவது அப்படிக் கூப்பிட்டால் சண்டைக்கு வந்துவிடுவார்கள். ஆனால், இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை. கோல்ஃப் கேடியின் பூர்வீகம் பிரான்ஸ்!

தலைவன் எடுபிடி ஆன கதை

பிரான்ஸின் காஸ்கனி பகுதிப் பேச்சில் 'குட்டித் தலைவன்' என்று பொருள்படும் ஒரு சொல் இருந்தது. அங்கிருந்து பிரபுக்களின் இளைய மகன்கள் ராணுவத்தில் சேர வந்தார்கள். அதனால் அந்தச் சொல் 'இளைய மகன்', 'பயிற்சி வீரன்' என்று மாறியது. நம் என்.சி.சி மாணவர்களை அழைக்கும் 'கேடட்' இதுதான்.

ஸ்காட்லாந்துக்குப் போனதும் சொல்லின் மதிப்பு இறங்கியது. 18-ம் நூற்றாண்டில் எடின்பரோ தெருக்களில் கடிதம் கொடுக்க, சாமான் தூக்க, வழிகாட்டக் காத்திருந்த எடுபிடி ஆட்கள்தான் 'கேடி'கள். கோல்ஃப் மட்டை சுமந்தவர்களுக்கும் அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது.

ஸ்காட்லாந்து ராணி மேரிதான் இந்தச் சொல்லை பிரான்ஸிலிருந்து கொண்டுவந்தார் என்று ஒரு கதை உண்டு. சுவையான கதை, ஆனால் ஆதாரம் இல்லை.

சுமை மட்டுமா?

ஒருவர் அதிகபட்சம் 14 மட்டைகள் வைத்துக்கொள்ளலாம். எந்த அடிக்கு எது? காற்று எந்தப் பக்கம்? தரை எங்கே சரிகிறது? தனிநபர் ஆட்டத்தில் இதையெல்லாம் ஆட்டக்காரர் யோசனை கேட்க விதி அனுமதிப்பது ஒரே ஒருவரிடம்தான். அவர் கேடி!

1913 அமெரிக்க ஓப்பன் போட்டி. சிறுவயதில் கேடியாக இருந்த 20 வயது பிரான்சிஸ் விமெட், பிரிட்டிஷ் ஜாம்பவான்கள் ஹாரி வார்டன், டெட் ரே இருவருடனும் சமநிலையில் இருந்தார். மறுநாள் முடிவுச் சுற்று. அவருடைய கேடி எடி லோரிக்கு வயது 10. 'அனுபவசாலி யாரையாவது வைத்துக்கொள்' என்றார்கள். பையன் பையை விடவில்லை, விமெட்டும் அவனை விடவில்லை. வார்டன் 77, ரே 78, விமெட் 72. கோப்பை விமெட்டுக்கு!

எடுபிடி என்று இறங்கிய சொல், அன்று மறுபடி தலைநிமிர்ந்தது.

கொசுறு: டீத்தூள் டப்பாவையும் ஆங்கிலத்தில் 'கேடி' என்பார்கள். அது வேறு குடும்பம். சுமார் 600 கிராம் எடையைக் குறிக்கும் மலாய்ச் சொல்லான 'காட்டி'யிலிருந்து வந்தது!