வில் நழுவிய வேளை

சேலத்திலிருந்து ஜோலார்பேட்டை செல்லும் இருப்புப்பாதையில், சேர்வராயன் மலைகளுக்கு வடக்கே அமைந்த ஊர் பொம்மிடி. தருமபுரி மாவட்டத்தின் பல ஊர்களைப் போலவே இங்கும் பிள்ளைகள் பிழைப்பின் பொருட்டுப் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் சென்றுவிட, பெற்றோர் மட்டும் வீட்டைக் காத்திருக்கும் குடும்பங்கள் உண்டு. அத்தகைய குடும்பத்து மூதாட்டி ஒருவரை எண்ணிப் பார்க்கலாம்.

ஞாயிறு மாலை மகனிடமிருந்து வரவேண்டிய அழைப்பு வரவில்லை. திங்களன்றும் வரவில்லை. சன்னிதியில் தீபாராதனை நடக்கிறது, கைகள் கூப்பியிருக்கின்றன, மனமோ இடுப்பில் செருகிய கைபேசியில் இருக்கிறது. இரவில் உறக்கம் இல்லை. நெஞ்சு படபடக்கிறது, வாய் உலர்கிறது. செவ்வாயன்று மகன் அழைத்து நலம் கேட்கும்போது அவர் தரும் விடை, "எனக்கென்ன கண்ணு, நல்லாத்தான் இருக்கேன்" என்பதே. பேசி முடித்தபின், "இத்தனை வருஷம் சாமி கும்பிட்டும் இந்த மனசு அடங்கலையே" என்று தம்மையே நொந்துகொள்கிறார்.

கவலை ஒரு சுமை. கவலைப்படுவது பக்திக் குறைவு என்னும் குற்ற உணர்வு, அதன்மேல் ஏறும் இரண்டாவது சுமை. இந்த இரண்டாவது சுமையை எவரும் சுமக்க வேண்டியதில்லை. பகவத்கீதையின் முதல் அத்தியாயமே அதற்குச் சான்று.

குருக்ஷேத்திரத்தில் இரு படைகளுக்கும் நடுவே தேர் நிற்கிறது. எதிரே பாட்டனார் பீஷ்மரும் ஆசான் துரோணரும் உற்றாரும் நிற்கக் கண்ட அருச்சுனனின் அங்கங்கள் தளர்கின்றன. வாய் உலர்கிறது, உடல் நடுங்குகிறது, மயிர் சிலிர்க்கிறது, தோல் எரிகிறது, காண்டீவம் கையிலிருந்து நழுவுகிறது, நிற்கவும் இயலாமல் மனம் சுழல்கிறது. கண்ணபிரானையே சாரதியாகப் பெற்ற மாவீரனுக்கு நேர்ந்த நிலை இது. அவன் பக்தியில் குறைந்தவன் என்று எவரும் சொல்வதில்லை.

வியாச பகவான் வரிசைப்படுத்திய அந்த அறிகுறிகளையே இன்றைய மருத்துவம் மன அழுத்தத்தின் உடற்குறிகளாகக் கூறுகிறது. ஆபத்து என்று மூளை உணர்ந்தவுடன், சிறுநீரகங்களின்மேல் தொப்பி போல் அமர்ந்துள்ள அட்ரினல் சுரப்பிகள் அட்ரினலின், கார்ட்டிசால் ஆகிய சுரப்புகளை வெளியிடுகின்றன. இதயத் துடிப்பு விரைகிறது, இரத்த அழுத்தமும் சர்க்கரையும் உயர்கின்றன, செரிமானம் மந்தமாகிறது. பாம்பைக் கண்டு விலகி ஓடுவதற்கு இந்த ஏற்பாடு உயிர் காக்கும் துணை. பாம்பு போனதும் உடல் தணிந்துவிடும். ஆனால் வராத தொலைபேசி அழைப்பு நாள் முழுதும் மனத்தில் நின்றால், தணிய வேண்டிய உடல் தணிவதில்லை.

கனடாவின் மாண்ட்ரியல் நகரில் ஆய்வு செய்த ஹான்ஸ் செல்யே என்ற அறிஞர் 1936ஆம் ஆண்டில் இதனை விளக்கினார். தாக்கும் தீங்கு எதுவாயினும் உடல் முதலில் விழித்தெழுகிறது. பிறகு எதிர்த்து நிற்கிறது. நெடுநாள் நீடித்தால் களைத்துச் சாய்கிறது என்பது அவர் கண்ட மூன்று நிலைகள். முதுமையில் அந்தக் களைப்பு உறக்கமின்மையாகவும், பசியின்மையாகவும், கட்டுக்கடங்காத இரத்த அழுத்தமாகவும் வெளிப்படக்கூடும்.

அருச்சுனன் மீண்டது எவ்வாறு? அவன் தன் கலக்கத்தை மறைக்கவில்லை. உடலில் நிகழ்ந்ததையும் உள்ளத்தில் எழுந்ததையும் ஒன்றுவிடாமல் சொன்னான். அவன் புலம்பி முடிக்கும்வரை பகவான் குறுக்கிடவில்லை. பின்னர், "நான் உன் சீடன், எனக்கு வழி காட்டு" என்று அவன் சரணடைந்த பிறகே உபதேசம் பெருகியது. அந்த அத்தியாயத்துக்கு 'அருச்சுன விஷாத யோகம்' என்று பெயர். துயரத்தை உரியவரிடம் திறந்து சொல்வதும் யோகத்தின் முதற்படி என்று இதனைக் கொள்ளலாம்.

சொல்வதற்கு அடுத்தபடி உடலைத் தணிப்பது. இதற்கான வழிகள் நம் நித்திய வழிபாட்டிலேயே உள்ளன. 2001இல் பிரித்தானிய மருத்துவ இதழில் வெளியான ஓர் ஆய்வில், 23 பேர் ஜபமாலைப் பிரார்த்தனையையும் மந்திரத்தையும் சொன்னபோது அவர்களுடைய சுவாசம் நிமிடத்துக்கு ஏறத்தாழ ஆறு முறையாக நிதானப்பட்டது. இதயத்தின் இயக்கமும் சீர்ப்பட்டது. சிறிய ஆய்வே எனினும் அது உணர்த்துவது தெளிவு: நாமஜபத்தை எண்ணிக்கை முடிக்கும் அவசரத்தில் சொல்லாமல், மூச்சை நீளமாக வெளிவிட்டு, நிதானமாகச் சொல்லுதல் நலம். பிராகார வலம் நல்ல நடைப்பயிற்சி. மாலைக்குப் பின் காபியைத் தவிர்த்தால் உறக்கம் எளிதாகும். நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மருந்து உட்கொள்வோர், விரத நாளிலும் மருத்துவரைக் கேளாமல் மாத்திரையை நிறுத்தலாகாது.

சில வேளைகளில் இவை போதா. நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், குளிர் வியர்வை தோன்றினால் அதைக் கவலை என்றோ வாயு என்றோ ஒதுக்காமல் உடனே 108ஐ அழைக்க வேண்டும். உறக்கமின்மையும் சோர்வும் அழுகையும் இரண்டு வாரங்களுக்குமேல் நீடித்தால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். 2021இல் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கு வரும் பணியாளரிடமும் கூறலாம். மத்திய அரசின் 'டெலி மானஸ்' மனநல உதவி எண் 14416. முதியோர் உதவி எண் 14567. இரண்டும் கட்டணமற்றவை.

பொம்மிடி மூதாட்டிக்கு மீண்டும் ஒரு ஞாயிறு வரும், மகனும் அழைப்பான். அன்று அவர், "ரெண்டு நாளா தூக்கமில்ல கண்ணு. நீ பேசலைன்னா மனசு கெடந்து அடிச்சுக்குது. ஒரு வார்த்தை மட்டும் சொல்லிடு, போதும்" என்று சொல்லட்டும். மகன் சற்று நேரம் மௌனமாக இருக்கக்கூடும். பிறகு, "சரிம்மா, இனிமே தெனமும் கூப்பிடறேன்" என்பான். மறுநாள் தீபாராதனையின்போது கைபேசி வீட்டிலேயே இருக்கும். கண்கள் அம்பாளின் திருமுகத்தில் நிலைக்கும்.