மரத்துக்கும் வேண்டும் பிறப்புச் சான்று

திருவண்ணாமலை செங்கம் சாலையில், ரமணாசிரமத்தைச் சுற்றிலும் யாத்திரிகர்களுக்கான விடுதிகளும் அடுக்குமாடிக் குடியிருப்புகளும் பெருகிவிட்டன. ஒவ்வொரு கட்டடத்துக்கும் நிலை, கதவு, ஜன்னல், கட்டில் என மரம் வேண்டும். ஜவ்வாது மலை அருகில்தான் இருக்கிறது. ஆனால், இந்தத் தேவையை அந்தக் காடு நிறைவு செய்ய முடியாது, செய்யவும் கூடாது.

1988-ஆம் ஆண்டின் தேசிய வனக் கொள்கையும், கோதவர்மன் வழக்கில் 1996 டிசம்பர் 12-இல் உச்சநீதிமன்றம் பிறப்பித்த உத்தரவும் இயற்கைக் காடுகளில் கோடரி விழுவதைக் கட்டுப்படுத்தின. அந்த இடைவெளியை இறக்குமதி நிரப்பியது. நியூஸிலாந்து பைன், அமெரிக்காவின் தென்மாநிலங்களில் வளரும் பைன், ஆப்பிரிக்கத் தேக்கு எனப் பலவகை மரங்கள் காண்ட்லா, தூத்துக்குடி துறைமுகங்கள் வழியே வருகின்றன. நம் காடு பிழைத்தது. அதற்கு ஈடாக எந்த நாட்டுக் காடு அழிந்தது என்ற கேள்வியை நாம் எழுப்பவே இல்லை.

இதில் அமெரிக்க - ஐரோப்பிய மர வணிகம் நமக்கொரு பாடம். வட அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட, பைன் மரங்களை வாடச் செய்யும் ஒருவகை நூற்புழு தங்கள் காடுகளுக்குப் பரவிவிடும் என ஐரோப்பிய நாடுகள் அஞ்சின. பைன் உள்ளிட்ட மென்மரங்களின் நடுப்பகுதி 56 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் 30 நிமிஷங்கள் இருந்ததற்கான சான்றைக் கட்டாயமாக்கின. ஈரம் காயாத மரத்தை அனுப்பிப் பழகிய வட அமெரிக்க ஆலைகளுக்கு அந்தச் சந்தை சுருங்கியது.

இன்று ஓட்டம் திசை மாறியிருக்கிறது. ஜெர்மனி, ஸ்வீடன் போன்ற நாடுகளே அறுத்த மென்மரத்தை அமெரிக்காவுக்கு அனுப்புகின்றன. தன் தேவைக்குக் கனடாவைப் பெரிதும் நம்பியிருக்கும் அமெரிக்கா, 2025 அக்டோபரில் இறக்குமதி மென்மரத்துக்கு 10 சதவீதக் கூடுதல் வரி விதித்தது. மறுபுறம், அமெரிக்கத் தென்மாநிலக் காடுகளின் மரம், மின் நிலையங்களில் எரிப்பதற்கான மரத்துகள் வில்லைகளாக ஐரோப்பாவுக்குக் கப்பலேறுகிறது. மர வணிகத்தின் போக்கை விலை மட்டுமே தீர்மானிப்பதில்லை. வாங்குபவர் வகுக்கும் விதியும் தீர்மானிக்கிறது.

சட்டவிரோதமாக வெட்டப்பட்ட மரத்தின் இறக்குமதியை அமெரிக்கா 2008-இல் தடை செய்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் அத்தகைய விதி 2013-இல் நடைமுறைக்கு வந்தது. 2020-க்குப் பின் காடழித்துப் பெற்ற பொருளுக்கு இடமில்லை என 2023-இல் அது மேலும் ஒரு சட்டம் இயற்றியது. அதன் அமலாக்கம் ஒத்திவைக்கப்பட்டது, இந்தப் பணி எளிதன்று என்பதைக் காட்டுகிறது. ஆனாலும், திசை தெளிவானது.

இந்தியாவின் நிலை என்ன? 2003-ஆம் ஆண்டின் தாவரத் தொற்றுத்தடுப்பு ஆணை, வரும் மரத்தில் பூச்சி இருக்கிறதா என்று கேட்கிறது. அந்த மரம் முறையாக வெட்டப்பட்டதா என்று கேட்பதற்குத் தனிச்சட்டம் இல்லை.

நம் விவசாயியிடம் மட்டும் எல்லாக் கேள்விகளும் கேட்கப்படுகின்றன. பட்டா நிலத்தில் தானே வளர்த்த சந்தனத்தை வனத்துறையின் அனுமதியின்றி அவர் வெட்ட முடியாது. தேக்கை எடுத்துச் செல்ல, 1968-ஆம் ஆண்டின் தமிழ்நாடு மரப் போக்குவரத்து விதிகளின்கீழ் அனுமதிச் சீட்டு வேண்டும். மரக் கடத்தலைத் தடுக்கக் கட்டுப்பாடு தேவை என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால், உள்ளூர் மரத்துக்குக் கெடுபிடியும் கடல்கடந்து வரும் மரத்துக்குத் தாராளமும் காட்டினால், மரம் வளர்க்க யார் முன்வருவார்?

இறக்குமதி மரத்துக்கு வெட்டப்பட்ட இடத்தையும் உரிமத்தையும் காட்டும் சான்று கட்டாயமாக்கப்பட வேண்டும். இதனால் விலை உயரும், சிறு தச்சர்கள் பாதிக்கப்படுவார்கள் என்ற கவலை நியாயமானது. எனவே, சான்று காட்டும் பொறுப்பு சரக்கை முதலில் நாட்டுக்குள் கொண்டுவரும் பெரும் இறக்குமதியாளரைச் சார வேண்டுமே தவிர, கடைசியில் இழைப்புளி பிடிப்பவரை அல்ல.

மத்திய அரசு 2023 டிசம்பரில் அறிவித்த இந்திய வன, மரச் சான்றளிப்புத் திட்டம் விருப்பத்தின் பேரில் சேர்வதாகவே உள்ளது. சிறு விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து குறைந்த செலவில் அச்சான்றைப் பெற மாநில அரசு உதவலாம். மலைவேம்பும் தேக்கும் வளர்ப்பவருக்கு நம்பகமான சந்தை கிடைத்தால், இறக்குமதித் தேவையும் குறையும்.

மலையையே இறைவனாக வலம்வரும் ஊர் திருவண்ணாமலை. அங்கே எழும் கட்டடங்களின் கதவுக்காக வேறெங்கோ ஒரு மலை மொட்டையாவதை நாம் கண்டுகொள்ளாமல் இருப்பது அறமாகாது.