நிரந்தர வேலைதான் நோய் என்பவர்களுக்கு

திருவனந்தபுரத்தில் பழவங்காடி கணபதிக்குத் தேங்காய் உடைத்துவிட்டு எம்.ஜி. சாலையில் வடக்கே நடந்தால் ஸ்டாச்சுவில் தலைமைச் செயலகம். அதன் பக்கத்திலேயே ஏ.ஜி. ஆபீஸ் என்று ஊரே அழைக்கும் கணக்காயர் அலுவலகம். கோயிலை நிர்வகிப்பதே இந்திய ராணுவம்தான். அரசு இத்தனை நெருக்கத்தில் இருக்கும் இந்தத் தெருவில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது: “கவர்மெண்ட் வேலையில் உட்கார்ந்துவிட்டால் யாரும் அசைக்க முடியாது. அதனால்தான் யாருக்கும் பதில் சொல்வதில்லை. நிரந்தரப் பணியை ஒழித்து ஒப்பந்தத்தில் ஆள் எடுத்தால் எல்லாம் சரியாகிவிடும்.”

இதிலுள்ள கோபம் நியாயமானது. ஒரு சான்றிதழுக்காக நாலு முறை அலைந்தவருக்குத்தான் அதன் வலி தெரியும். ஆனால் சொல்லப்படும் காரணமும் தவறு, மருந்தும் தவறு. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல் வாதம்: வேலையை விட்டு நீக்கவே முடியாது.

அரசமைப்புச் சட்டத்தின் 311-வது பிரிவு அப்படிச் சொல்லவில்லை. நியமித்தவருக்குக் கீழ்ப்பட்டவர் நீக்கக் கூடாது. குற்றச்சாட்டைச் சொல்லி, பதிலைக் கேட்டு, விசாரித்த பிறகே நீக்க வேண்டும். அவ்வளவுதான். கிரிமினல் வழக்கில் தண்டனை பெற்றவருக்கு அந்த விசாரணைகூடத் தேவையில்லை. 1985-ல் துளசிராம் படேல் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிசெய்தது. திறமையில்லாத மத்திய அரசு ஊழியரை 50 அல்லது 55 வயதுக்குப் பிறகு கட்டாய ஓய்வில் அனுப்ப அடிப்படை விதி 56(ஜே) இருக்கிறது. 2003 ஜூலையில் வேலைநிறுத்தம் செய்த சுமார் 1.7 லட்சம் பேரைத் தமிழ்நாடு அரசு ஒரேயடியாக நீக்கியது. உச்ச நீதிமன்றம் தலையிட்ட பின் பெரும்பாலோர் திரும்ப எடுக்கப்பட்டார்கள். அத்தனை பேரை நீக்கியதால் எந்தத் தாலுகா அலுவலகத்திலும் மனுக்கள் வேகமாக நகரத் தொடங்கவில்லை.

உண்மையான கோளாறு தாமதம். விசாரணை அதிகாரியும் தன் வேலைக்கு நடுவே விசாரிக்கும் இன்னொரு அதிகாரிதான். குற்றப் பத்திரிகை ஆண்டுக்கணக்கில் இழுபடுகிறது. துறை விசாரணையை ஆறு மாதத்தில் முடிக்கப் பார்க்க வேண்டும், தவிர்க்க முடியாவிட்டால் ஓராண்டுக்குள் முடிக்க வேண்டும் என்று 2015-ல் பிரேம்நாத் பாலி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதை நடைமுறைக்குக் கொண்டுவரச் சொல்லிக் கேட்பதுதான் சரியான கோரிக்கை.

இரண்டாம் வாதம்: கணக்குக் கேட்க ஆளில்லை.

ஏ.ஜி. ஆபீஸ் பின்னே எதற்கு இருக்கிறது? அதற்கு மேலே இருக்கும் இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரை உச்ச நீதிமன்ற நீதிபதியை நீக்கும் முறையில்தான் நீக்க முடியும். மாநிலக் கணக்கு பற்றிய அவரது அறிக்கை ஆளுநர் வழியாகச் சட்டமன்றத்துக்கு வருகிறது. அங்கிருந்து பொதுக் கணக்குக் குழுவுக்குப் போகிறது. நாடாளுமன்றத்தின் குழுவுக்கு 1967 முதல் எதிர்க்கட்சிக்காரரே தலைவர் என்பது மரபு. அங்கே சாட்சி நாற்காலியில் உட்கார்ந்து பதில் சொல்வது அமைச்சர் அல்ல, துறைச் செயலாளர். இந்தச் சங்கிலி அறுந்து போகும் இடம் வேறு: அறிக்கை தாமதமாக வருகிறது, குழு அதில் சில பத்திகளையே எடுத்துக்கொள்கிறது, நாமும் ஒருநாள் தலைப்புச் செய்தியாகப் படித்துவிட்டு மறந்துவிடுகிறோம்.

மூன்றாம் வாதம்: கோப்புக்குள் நடப்பது வெளியே தெரியாது.

பத்து ரூபாய் கட்டணத்தோடு தகவல் உரிமைச் சட்டத்தில் மத்திய அரசு அலுவலகத்தின் குறிப்புத் தாள் நகலைக் கேட்டுப் பாருங்கள். உதவியாளர் எழுதிய குறிப்பு, அதன் கீழே பிரிவு அலுவலரின் சுருக்கொப்பம், அதற்குக் கீழே தேதி. பிப்ரவரியில் கையெழுத்தான கோப்பு ஜூலையில்தான் அடுத்த மேசையில் கையெழுத்தாகியிருந்தால், ஐந்து மாதம் அது யாரிடம் கிடந்தது என்பது அந்தத் தாளிலேயே இருக்கும். பதில் தர 30 நாள் கெடு. காரணமின்றி மறுத்தால் நாளுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 வரை அபராதம். அந்தத் தகவல் அலுவலர் தன் கையிலிருந்துதான் கட்ட வேண்டும். தகவல் ஆணையங்களில் காலியிடங்களை நிரப்பாமல் விடுவதுதான் இந்த உரிமையை நீர்த்துப்போகச் செய்கிறது. அதைச் செய்வது குமாஸ்தா அல்ல, அரசு.

நான்காம் வாதம்: ஒப்பந்த முறை வந்தால் பொறுப்பு வரும்.

வரலாறு நேர்மாறாகச் சொல்கிறது. அமெரிக்காவில் தேர்தலில் வென்ற கட்சி தன் ஆட்களுக்கு வேலையைப் பங்கிட்டுக் கொடுத்த காலம் உண்டு. பதவி கிடைக்காத ஒருவன் 1881-ல் அதிபர் கார்ஃபீல்டைச் சுட்டான். 1883-ல் தகுதித் தேர்வை முன்வைத்த பெண்டில்டன் சட்டம் வந்தது. நம் திருவிதாங்கூரிலும் அப்படித்தான். பெரிய உத்தியோகங்கள் வெளியூர்க்காரர்களுக்கே, குறிப்பாகத் தமிழ்ப் பிராமணர்களுக்கே போகின்றன என்று 1891-ல் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் கையொப்பமிட்டு மகாராஜாவிடம் மலையாளி மெமோரியல் என்ற மனுவைக் கொடுத்தார்கள். 1896-ல் ஈழவர்கள் தங்கள் மனுவைக் கொடுத்தார்கள். பல போராட்டங்களுக்குப் பிறகு 1936-ல்தான் நோக்ஸ் என்பவர் முதல் அரசுப் பணியாளர் தேர்வு ஆணையர் ஆனார். வேண்டியவர்களுக்கு வேலை என்ற முறையை இந்த ஊர் பார்த்து, வேண்டாம் என்று சொல்லிவிட்டது.

2013-ல், முன்னாள் அமைச்சரவைச் செயலாளர் டி.எஸ்.ஆர். சுப்பிரமணியன் உள்ளிட்டோர் தொடுத்த வழக்கில், வாய்மொழி உத்தரவை அதிகாரிகள் எழுத்தில் பதிவுசெய்ய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் கூறியது. “எழுத்தில் கொடுங்கள், ஐயா” என்று அமைச்சரிடம் யார் கேட்பார்? நாளைக்கு வேலை இருக்கும் என்ற நம்பிக்கை உள்ளவர்தான் கேட்பார். அடுத்த மார்ச்சில் ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட வேண்டியவர் தலையாட்டிவிட்டுப் போவார். சொன்னவர் பெயர் எந்தக் கோப்பிலும் இருக்காது.

எதிர்த்தரப்பில் ஒரு நியாயம் உண்டு. ஊழல் வழக்கு நடத்த அரசின் முன் அனுமதி வேண்டும் என்ற விதி பலரைக் காப்பாற்றியிருக்கிறது. ஊழல் தடுப்புச் சட்டத்தின் 2018 திருத்தம் அந்த முடிவுக்கு மூன்று மாதமும், தேவைப்பட்டால் கூடுதலாக ஒரு மாதமும் கெடு வைத்தது. அந்தக் கெடு தாண்டிய ஒவ்வொரு வழக்கின் பட்டியலையும் அரசு தானே வெளியிட வேண்டும். விசாரணைகளை ஓராண்டுக்குள் முடிக்க வேண்டும், தகவல் ஆணையங்களை நிரப்ப வேண்டும், பொதுக் கணக்குக் குழுவின் அமர்வுகளை மக்கள் பார்க்கும்படி நடத்த வேண்டும். நம் சட்டமன்ற உறுப்பினரிடம் கேட்க வேண்டியவை இவை. வேலைப் பாதுகாப்பைப் பறித்தால், தவறான உத்தரவுக்கு மறுப்பு எழுதக்கூடிய கையைத்தான் முதலில் இழப்போம்.